அச்சுக் கொங்கிறீட் முற்றமும் என் குசினித் தண்ணீரும்

போன செவ்வாய்க்கிழமை காலையில் என் குசினிக்குள் மழைத் தண்ணீர் வந்தது.

கூரை ஒழுகியல்ல. பின்கதவால், அழைத்த விருந்தாளி மாதிரி நேரே உள்ளே வந்தது. அடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்துவிட்டுத் திரும்புகிறேன்... காலடியில் தண்ணீர். பக்கத்து அறையில் நெல் மூட்டைகள் — சவளக்கடை வயலில் என் கணவர் வெயிலில் காய்ந்து விளைவித்தது, வருஷம் முழுக்க எங்கள் சாப்பாடு. ஓடிப்போய்ப் பார்த்தால் அடியில் கிடந்த மூட்டைகள் எல்லாம் ஊறிவிட்டன. நனைந்த நெல்லை என்ன செய்வது, சொல்லுங்கள்? ஒன்றில் முளைக்கும், இல்லாவிட்டால் நாறும்.

இந்த வீட்டில் நான் எத்தனையோ மாரி கண்டவள். ஊரே மூழ்கின வெள்ளத்தை விட்டுவிடுங்கள்; சாதாரண மழைக்கு என் படி நனைந்ததில்லை. எங்கள் கல்முனைக் கரை மணல் தரை. எவ்வளவு கொட்டினாலும் கொஞ்ச நேரத்தில் இழுத்துவிடும். பிறகு இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

பின்கதவால் எட்டிப் பார்த்தேன். பார்த்ததும் கோபம் தலைக்கேறியது.

பக்கத்து வளவு என் தங்கச்சி ஜெஸீமாவுடையது. வாப்பா ஒரே வளவை இரண்டாக்கி, எங்கள் இருவருக்கும் சீதன வீடு கட்டித் தந்தார். நடுவில் வேலி. வேலியில் ஒரு கடப்பு, இரண்டு வீட்டுக்கும் போய்வர. இப்போது ஜெஸீமாவின் மகள் றிஸ்னாவுக்குக் கல்யாணம் சரிவந்திருக்கிறது. அந்த வீட்டைத்தான் அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியும்தானே? மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வருவதற்கு முன்னால் அவர் வீட்டுப் பெண்கள் வந்து வீடு பார்ப்பார்கள்.

பார்த்தார்கள். மார்பிள் சரி, சீலிங் சரி, பாத்ரூம் சரி. போகிற போக்கில் மாப்பிள்ளையின் உம்மா முற்றத்தைப் பார்த்து ஒரு வசனம் சொன்னார்: "முத்தம் மட்டும் வெறும் மணலாக் கெடக்கு."

அவ்வளவுதான்! போட்டுத் தாருங்கள் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் ஜெஸீமாவின் கணவர் ஹனீபாவுக்கு அன்றோடு நித்திரை போய்விட்டது. நல்ல மனிதர்தான் — ஆனால் சம்பந்தி வீட்டில் ஒருவர் தும்மினால் இவர் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு ஓடுவார்.

ஆட்கள் வந்து இறங்கினார்கள். மதிலிலிருந்து வேலி வரை ஒரு சாண் மண் மிச்சமில்லாமல் கொங்கிறீட். ஈரம் காய முதல் கலர்ப் பவுடரைத் தூவி, றப்பர் அச்சை வைத்து அமத்தினார்கள். கருங்கல் பாவியது போல ஒரு டிசைன். மேலே முகம் தெரிகிற பொலிஷ். ஊரில் பாதிப் பேர் வந்து நின்று செல்ஃபி எடுத்தார்கள். வடிவில்லை என்று சொல்லமாட்டேன். முற்றத்தைக் கொஞ்சம் போட்டால் யார் வேண்டாம் என்றது? கால் வைக்கிற பாதைக்குப் போடுங்கள், வாகனம் நிற்கிற இடத்துக்குப் போடுங்கள். முழு வளவையும் மூடினால் மழை எங்கே போகும் என்று ஒரு மனிசன் யோசிக்க வேண்டாமா?

யோசித்திருக்கிறார்கள், பாருங்கள்! தங்கள் வீட்டுப் பக்கம் ஒரு சொட்டும் வராமல் அழகாகச் சரிவு வைத்திருக்கிறார்கள். சரிவு முடிகிற இடம் அந்தக் கடப்பு. கடப்புக்கு இந்தப் பக்கம் என் குசினி.

குசினி கூட்டுகிற தும்புத்தடியும் கையுமாக, தண்ணீரை மிதித்துக்கொண்டு போனேன்.

"ஹனீபா! என்ட நெல்லெல்லாம் நனஞ்சி போச்சி. ஒங்கட முத்தத்துத் தண்ணி முழுக்க என்ட குசினிக்குள்ள நிக்கிது. வந்து பாருங்க!"

"மச்சி, கொஞ்சம் மெல்லக் கதைங்க. நாலு பேர் கேட்டா என்ன நினைப்பாங்க?"

"மெல்லக் கதைக்கிறதா? தண்ணி என்ன, மெல்லவா வந்த?"

ஜெஸீமா என் கையைப் பிடித்தாள். "ராத்தா, கல்யாணம் முடியட்டும். பொறகு என்னத்தையும் செய்வம்."

கல்யாணம் முடியட்டும் என்று மாரி காத்துக்கொண்டிருக்குமா?

அடுத்த நாள் ஹனீபா மேசனைக் கூட்டி வந்தார். மனம் மாறிவிட்டது என்றுதான் நினைத்தேன். மேசன் கடப்பில் கல் வைக்கத் தொடங்கினார். தண்ணீர் வராமல் இருக்கக் கடப்பை அடைக்கிறார்களாம்! பூசி முடித்து, அதிலும் அதே கருங்கல் டிசைன் அடிப்பார்களாம்!

அந்தக் கடப்பால்தான் ஜெஸீமா பிரசவ வலியில் கத்தியபோது நான் ஓடினேன். அந்தக் கடப்பால்தான் நோன்புக் கஞ்சியும் போகும், சண்டையும் போகும், சண்டை முடிந்து புரியாணியும் வரும். ஒரு பொம்பிளை போகிற போக்கில் சொன்ன ஒரு வசனத்துக்காக அதை அடைக்கிறார்கள். நெல் நனைந்ததற்கு ஏசினேன். இதற்கு அழுதேன். வெட்கமில்லாமல், மேசனுக்கு முன்னால் நின்று அழுதேன்.

அப்போதுதான் றிஸ்னா பாடசாலையால் வந்தாள். அவள் ஆங்கில டீச்சர்; வகுப்பில் தவிர வேறெங்கும் சத்தம் கேட்காது. என்னைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள். பேக்கைக்கூடக் கழற்றவில்லை. நேரே என் குசினிக்குள் போய், மூட்டைக்குள் கை விட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"வெச்ச கல்ல எடுங்க," என்றாள் மேசனிடம். "கட்டர் இரிக்கா? வேலியோரம் முழுக்க, கெணத்தடி வரைக்கும் கொங்கிறீட்ட வெட்டி எடுங்க. மண் தெரியணும்."

ஹனீபா பாய்ந்து வந்தார். "மகள், ஒனக்கென்ன பைத்தியமா? புதுசாப் போட்டது! மாப்பிள ஊட்டாக்கள் வந்து பாத்தா என்ன சொல்லுவாங்க?"

மேசன் ஹனீபாவின் முகத்தைப் பார்த்தார்.

"வாப்பாவப் பாக்காதீங்க. ஊடு என்ட பேர்ல. நான் சொல்றன், வெட்டுங்க." பிறகு வாப்பாவின் பக்கம் திரும்பினாள். "அவங்க ஒரு நாள் வந்து பாத்திட்டுப் போவாங்க வாப்பா. பெரியும்மாட ஊட்டுக்குள்ள தண்ணி போறதக் காலம் முழுக்கப் பாத்துக்கிட்டு இருக்கப்போறவள் நான்."

கட்டர் சத்தம் பின்னேரம் வரை கேட்டது. ஹனீபா உள்ளே போய்ப் படுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை திரும்பவும் மழை. மண் குடித்தது, என் குசினி காய்ந்திருந்தது. மாப்பிள்ளையின் உம்மா இன்னும் வந்து பார்க்கவில்லை. வரட்டும், றிஸ்னாவோடு நானும் நிற்பேன்.

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆனால் இப்போது ஹனீபா மேல் மட்டுமல்ல, என் மேலும்தான்... சம்பந்தி என்ன சொல்வார், ஊர் என்ன சொல்லும் என்று இத்தனை வாய் கிழியக் கதைத்தோமே — அந்த வீட்டுக்காரி றிஸ்னாவிடம் ஒரு வார்த்தை கேட்டோமா?