அசன் முகைதீன் இறந்த நாள்

மணமேல்குடியில் சுதந்திர தினக் கொடியேற்றம் என்றால் ஹவ்வா உம்மாளுக்கு மேடையில் ஒரு நாற்காலி நிச்சயம். தியாகியின் மகள் அல்லவா. பொன்னாடை போர்த்துவார்கள், கை நிறைய மிட்டாய் கொடுப்பார்கள். மைக்கை மட்டும் அவள் பக்கம் கொண்டுபோக மாட்டார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. ஒரு வருஷம் அப்போதைய பஞ்சாயத்துத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாட்டுக்காக இன்னுயிர் நீத்த தியாகி அசன் முகைதீன் அவர்கள்" என்று ஆரம்பித்தார். இவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "உசுரு போனத நீங்க பாத்தீகளா?" என்று கேட்டுவிட்டாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அன்றிலிருந்து யார் தலைவராக வந்தாலும், "நாட்டுக்காகப் புறப்பட்டுப் போன தியாகி" என்றுதான் சொல்வது. இப்போதைய தலைவர் நாகராசுவுக்கும் பதவியோடு சேர்த்து இதையும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அந்தக் கேள்வி அவள் சொந்தச் சரக்கு இல்லை. அவளைப் பெற்ற உம்மா பாத்துமுத்துவின் கேள்வி.

அசன் முகைதீன் வெள்ளைக்காரன் காலத்தில் பினாங்குக்குக் கப்பலேறியவர். அங்கே மளிகைக் கடையில் வேலை. அவர் போகும்போது ஹவ்வா உம்மாள் வயிற்றில் இருந்தாள். சண்டை வந்தது, ஜப்பான்காரன் வந்தான், கடிதாசி நின்றுபோனது. சண்டை ஓய்ந்து கோட்டைப்பட்டினத்துக்காரர் ஒருவர் அங்கிருந்து திரும்பி வந்தார். "அசனு இந்திய தேசிய ராணுவத்துல சேந்துட்டான். பர்மாவுக்கு அனுப்புன கூட்டத்தோட போனான். பெறகு நான் பாக்கல" என்றார். வந்த செய்தி அவ்வளவுதான். தராசு பிடித்த மனுஷன் துப்பாக்கி பிடித்ததைப் பற்றி ஊர் கொஞ்ச நாள் வாய் வலிக்கப் பேசியது. பிறகு வெள்ளைக்காரனே போய்விட்டான். அவனை விரட்டப் போனவர்தான் வீடு திரும்பவில்லை.

உறவுக்காரர்கள் பாத்துமுத்துவைக் கழுத்தில் தாலியாகக் கிடந்த கருகமணியைக் கழற்றச் சொன்னார்கள். கணவனை இழந்தவள் வீட்டோடு ஒதுங்கியிருக்கும் இத்தாவை இருக்கச் சொன்னார்கள். "மய்யித்தைக் காட்டுங்க, கழட்டுறேன்" என்றாள் அவள். பர்மாக் காட்டில் கிடப்பதை யார் கொண்டுவந்து காட்டுவது? பாத்துமுத்து கருவாடு விற்று மகளை வளர்த்தாள். பெருநாளைக்குப் பூ வைத்துக்கொண்டாள். கருகமணிச் சரம் இற்றுப்போனதும் மணிகளை வலை பின்னும் நைலான் நரம்பில் கோத்துப் போட்டுக்கொண்டாள். சாகும்போது மகளிடம், "அவுக வந்தா அவுக கையில குடு" என்றாள். குளிப்பாட்டும்போது கழற்றிய அந்த மணியை ஹவ்வா உம்மாள் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகினாள். அது அங்கேயே இருந்தது.

ஹவ்வா உம்மாள் உம்மாவைப் போல இல்லை. புருஷன் படகிலிருந்து இறங்கி வந்த கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, அன்றே தன் கருகமணியைக் கழற்றினாள். இத்தா முடிந்ததும் மீன் ஏலத்துக்குப் போய் நின்றாள். அழுதுகொண்டிருக்க அவளுக்கு நேரமில்லை, மகன் கனியைப் படிக்கவைக்க வேண்டியிருந்தது. முகம்மது கனி படிப்பில் ஒன்றும் கிழிக்கவில்லை என்றாலும் சவூதிக்குப் போய்ச் சம்பாதித்து வீட்டை மாடியாக்கினான்.

இந்த ஆடியில் அவளுக்கு மூச்சு முட்டி, புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் போட்டு எடுத்தார்கள். வீடு திரும்பியதும் மகனைக் கூப்பிட்டாள்.

"எனக்கு நாலு தக்பீரு சொல்லித் தொழுது அடக்கிருவீக. என்னைப் பெத்த அத்தாவுக்கு ஒருத்தரும் தொழல. நானும் போயிட்டா அவுகளுக்காகக் கேக்க ஆளு ஏதுடா?"

"தூரத்துல எறந்தவுகளுக்கும் தொழலாம்மா. சவூதில நான் பாத்திருக்கேன்" என்றான் கனி. பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத்தை வீட்டுக்கே அழைத்து வந்தான்.

ஹஜ்ரத் டீயை ஆற்றிக்கொண்டே நிதானமாகச் சொன்னார். "காணாமப் போனவரை, அவரு வயசுக்காரங்க எல்லாம் போய்ச் சேர்ற காலம் வரைக்கும் உயிரோட இருக்குறவராத்தான் வச்சுக்கணும்மா. அந்தக் காலம் எப்பவோ தாண்டிருச்சு. ஆனா வாரிசு நீங்க, உங்க வாயால சொல்லணும். சொல்ற அன்னைக்கித்தான் அவரு மவுத்தானதாக் கணக்கு."

"அப்ப இன்னைக்கி வரைக்கும்?"

"இருக்குறவருதான்."

ஹவ்வா உம்மாள் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சொன்னால் அத்தாவுக்குத் தொழுகை கிடைக்கும். ஆனால் உம்மா ஆயுசு முழுக்கக் கட்டிக் காத்ததைத் தன் ஒரு வார்த்தையால் முடித்ததாகிவிடும். சொல்லாவிட்டால் அத்தா இப்படியே கிடக்க வேண்டியதுதான். "யோசிச்சுச் சொல்றேன்" என்று ஹஜ்ரத்தை அனுப்பிவைத்தாள்.

அதன் பிறகு வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. மருமகள் இர்ஃபானா வைத்த குழம்பில் உப்பு இல்லை என்றாள், மறுநாள் கரிக்கிறது என்றாள். "ஒருத்தரு வரல, ஒருத்தி விடல, நடுவுல நான் கெடந்து சாகுறேன்" என்று சுவரைப் பார்த்துச் சத்தம் போட்டாள். பெற்றவர்கள் இரண்டு பேர்மேலும் அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் அவளுக்கே புதிது.

இந்த வருஷம் ஆகஸ்ட் பதினைந்து வெள்ளிக்கிழமையில் வந்தது. கொடி ஏறியது, பூ உதிர்ந்தது. ஹஜ்ரத்தும் ஜமாத்தாரும் மேடையில் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். நாகராசு மிகக் கவனமாக, "நாட்டுக்காகப் புறப்பட்டுப் போன தியாகி அசன் முகைதீன் அவர்கள்" என்று சொல்லி முடித்துவிட்டு, சரிதானே என்பதுபோல அவளைப் பார்த்தார். ஹவ்வா உம்மாள் கையை நீட்டி மைக்கைக் கேட்டாள். கூட்டம் சிரிக்கத் தயாரானது.

"தம்பி, உசுரு நீத்தன்னே சொல்லுங்க" என்றாள். பிறகு ஹஜ்ரத் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கங்க ஹஜ்ரத்து. எங்க அத்தா மவுத்தாயிட்டாக."

யாரும் சிரிக்கவில்லை. நாகராசு எதற்கென்று தெரியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பொன்னாடையை மறந்துபோனார்கள், அவளும் கேட்கவில்லை.

ஜும்மா தொழுகை முடிந்ததும் ஒலிபெருக்கியில் அத்தாவின் பெயரைச் சொன்னார்கள். ஹவ்வா உம்மாள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள். முதல் தக்பீர் கேட்டதும் சுருக்குப்பையை அவிழ்த்தாள். நரம்பை இழுத்துப் பார்த்தாள், பல்லால் கடித்துப் பார்த்தாள். மீன் பிடிக்கிற நரம்பு, அதற்கெல்லாம் அசையவில்லை. இர்ஃபானா கத்தரிக்கோலை நீட்டினாள். "நீ வெட்டாத, குடு" என்று வாங்கி அவளே வெட்டினாள். மணிகள் மடியில் விழுந்தன. முகமே தெரியாத மனுஷருக்காக அவள் அப்போது வாய்விட்டு அழுதாள். புருஷனுக்கும் உம்மாவுக்கும் அழாமல் விட்டதும் அதிலேயே சேர்ந்து வந்தது.

கனி தொழுதுவிட்டு வந்து, வாசலில் தயங்கி நின்றான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கயாவது சேரு வாடகைக்கு எடுத்துப் போடுடா. மூணு நாளைக்கி துக்கம் கேக்க ஆளு வரும்."

"இப்பவாம்மா? இத்தன வருஷம் கழிச்சு யாரு..."

"என்னடா இத்தன வருஷம்? எங்க அத்தா இன்னைக்கித்தான மவுத்தாயிருக்காக."

கனி சேர் எடுக்கப் போனான்.