சிவப்பு நூல் கட்டிய ஜோடி

உமாதேவிக்கு ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேச வராது. மைசூர் வந்து பதினோரு வருடமாகியும் அக்ரஹாரம் பகுதிக் கடைகளில் வேண்டியதை விரலால் காட்டித்தான் வாங்குவாள். சொந்த ஊரான கௌதள்ளியில் ஆறாம் வகுப்போடு பள்ளி நின்றுபோனவள். ஆனால் அவள் கண் ஓயாது. எந்த ஜீப் எந்தச் சத்தத்தோடு சந்துக்குள் நுழைந்தது, எந்த ஆணி எந்தத் தகரத்தில் கிடக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

அவள் புருஷன் ரத்தினவேலுக்கு ஜீப் பட்டறை. பின்கதவைத் திறந்தால் வீடு. கழற்றிய உருப்படிகளை மண்ணெண்ணெயில் கழுவி வைப்பது உமாதேவியின் வேலை. அதோடு இன்னொன்றும் அவள் கைக்கு வந்து சேர்ந்திருந்தது: பல் எண்ணுவது. ஜீப்பின் அச்சுக்குள் கிரவுன் என்று ஒரு பெரிய பல்சக்கரம் இருக்கும். அதைச் சுழற்றுகிற சிறியதற்குப் பினியன் என்று பெயர். இரண்டும் ஜோடி. ஜோடி மாறினால் பல் சேராது. முதல் பல்லில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, உதடு அசையாமல் எண்ணி, எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு, ஜோடியை நூலால் கட்டிவைப்பாள். வண்டியில் ஏற வேண்டியதற்குச் சிவப்பு நூல். கழற்றிப் போட்டதற்கு வெள்ளை நூல். ரத்தினவேல் நூலைப் பார்த்தே எடுத்து மாட்டுவான்.

தொண்ணூற்றாறாம் வருடம் தசராவுக்கு ஒரு வாரம் முன்னால் சித்தையன் தன் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். உமாதேவியின் ஊர்க்காரர். கௌதள்ளியிலிருந்து மலைமேல் இருக்கும் ஊர்களுக்கு ராகி மூட்டையும் ஆட்களும் ஏற்றிப் போகிறவர். வண்டிக்கு உயரமான பெரிய டயர்களாகப் பார்த்து மாட்டியிருந்தார்.

"டயரு யானைக்காலாட்ட இருக்குது வேலு. ஆனா ஏத்தத்துல எருமையாட்டம் நின்னுக்குது. எறக்கத்துலயும் கியரு புடிக்க மாட்டேங்குது. பிரேக்க மிதிச்சு மிதிச்சுப் பொகையுது."

"செருப்பப் பெருசாப் போட்டுட்டு அதே நடை நடந்தா மூச்சு வாங்குமுங்க அண்ணா. டயரு ஒரு சுத்துக்கு முந்தியவிட தூரமாப் போவுது. எஞ்சினு தாங்குமா?"

ரத்தினவேல் டயரை அளந்தான். நூலின் மறுமுனையை உமாதேவி பிடித்துக்கொண்டாள். பழையது இருபத்தெட்டு அங்குல உயரம், புதியது முப்பத்தொன்றரை. தரையில் சுண்ணக்கட்டியால் எழுதினான்.

"எட்டுல ஒரு பங்கு ஒசந்திருக்கு. அப்பக் கிரவுன்லயும் பல்லு எட்டுல ஒரு பங்கு ஏறோணும். இப்ப இருக்கறது பினியன்ல எட்டு, கிரவுன்ல முப்பத்தொம்போது. நாப்பத்துநாலு வேணும். அது கெடைக்காது. நாப்பத்துமூணு கெடைக்கும்."

"இன்னும் பத்துப் பல்லு சேத்திப் போட்டுரு. மலை மேல பறக்கட்டும்."

"பறக்குமுங்க. கொள்ளேகால் ரோட்டுல கட்டைவண்டி உங்களத் தாண்டிப் போகும், பரவால்லீங்களா?"

சித்தையன் சிரித்தார். ரத்தினவேல் சிரிக்கவில்லை. "முன்னச்சு, பின்னச்சு ரெண்டுலயும் ஒரே கணக்குதான் போடோணும். மாறுனா போச்சு."

மாறினால் என்ன ஆகும் என்று உமாதேவி கண்ணால் பார்த்திருக்கிறாள். இரண்டு வருடம் முன்பு ஒரு மரக் காண்டிராக்டரின் ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். முன்னால் ஒரு பல் கணக்கு, பின்னால் வேறு. சாதாரணமாகப் பின்சக்கரங்கள் மட்டும் ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. மலைச்சரிவில் நான்கு சக்கரத்துக்கும் விசை கொடுக்கும் லிவரைப் போட்டதும் முன்சக்கரம் ஒரு வேகம் கேட்டது, பின்சக்கரம் வேறு வேகம் கேட்டது. லிவர் சிக்கிக்கொண்டு வெளியே வரவில்லை. ஸ்டீரிங் திருப்பிய பக்கம் திரும்பவில்லை. நடுவில் இருந்த கியர் பெட்டி மண்சட்டி போல உடைந்திருந்தது. டிரைவர் சீட்டில் இருந்த கறையைக் கழுவியவள் உமாதேவிதான்.

காயலான் கடையிலிருந்து நாற்பத்துமூன்றில் இரண்டு ஜோடி வந்தன. பின்னச்சு வேலை ஆயுதபூஜைக்கு முதல் நாள் முடிந்தது. முன்னச்சையும் பிரித்தாயிற்று. மறுநாள் பூஜை, ஆயுதம் தொடக்கூடாது. ஆகவே பட்டறையில் மூன்று ஜோடிகள் இருந்தன. கழற்றிய முப்பத்தொன்பது இரண்டு, இனிமேல் முன்னால் ஏற வேண்டிய நாற்பத்துமூன்று ஒன்று.

பூஜைக்கு உமாதேவி எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவினாள். நூல்கள் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கருத்திருந்தன. அழுக்கு நூலோடு சாமி முன்னால் வைப்பதா என்று அவிழ்த்துப் போட்டாள். மூன்று ஜோடிகளையும் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தாள். பூசணிக்காய் வைக்க இடம் போதவில்லை என்று பூசாரி எதையோ நகர்த்தினார். அடுத்த நாள் விஜயதசமி. ரத்தினவேல் ஸ்பேனரைக் கையில் எடுத்ததும், அவள் வலது ஓரத்தில் இருந்த ஜோடிக்குப் புதுச் சிவப்பு நூல் கட்டினாள். எண்ணவில்லை. நாற்பத்துமூன்றை வலது ஓரத்தில்தானே வைத்தோம் என்ற நினைப்பு. நூலைப் பார்த்து ரத்தினவேல் அதையே முன்னச்சில் மாட்டினான்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சித்தையனும் ரத்தினவேலும் கிளம்பினார்கள். முதலில் நஞ்சன்கூடு கோயிலில் வண்டிக்கு ஒரு பூஜை, பிறகு கௌதள்ளி. "மலை ஏத்தி எறக்கிக் காட்டுனாத்தான் வுடுவேன்" என்று சித்தையன் கூட்டிக்கொண்டு போனார்.

பதினொன்றரை மணிக்கு மேல் உமாதேவி மிச்சமிருந்த இரண்டு ஜோடிகளையும் சாக்கில் கட்டிவைக்க உட்கார்ந்தாள். மேலே எழுதிவைப்பதற்காக எண்ணினாள். முதலாவது முப்பத்தொன்பது. இரண்டாவதை எண்ணிக்கொண்டே போனாள். முப்பத்தொன்பதில் நிற்கவில்லை. நாற்பது. நாற்பத்தொன்று. சுண்ணக்கோடு இன்னும் வரவில்லை.

மறுபடி எண்ணினாள். நாற்பத்துமூன்று.

அப்படியானால் முன்னச்சுக்குள் ஏறிப் போயிருப்பது முப்பத்தொன்பது. அவள் கட்டிய சிவப்பு நூலை நம்பி.

அந்த மலைப்பாதை அவளுக்குத் தெரியும். விறகுக்குப் போன பாதை. ஏற்றம் சேறு, உச்சியில் ஒரு வழுக்குப் பாறை, அதைத் தாண்டியதும் இறக்கத்தில் ஒரு திருப்பம். திருப்பத்துக்கு வெளியே ஒன்றுமில்லை. மூங்கில் தலைகள் காலுக்குக் கீழே தெரியும். இன்னும் உட்கார்ந்திருந்தால் எழுந்திருக்கவே முடியாது என்று தோன்றியதால் சட்டென்று எழுந்தாள். சுவரில் ரத்தினவேல் கரியால் எழுதிவைத்திருந்த எண்களில், சித்தையனுக்குச் சேதி சொல்ல வைத்திருந்த கௌதள்ளி உரக்கடை எண்ணைச் சுண்ணக்கட்டியால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஓடினாள்.

தெருமுனையில் கிருஷ்ணராஜின் டெலிபோன் பூத். பட்டறைக்கு வரும் போனும் அங்கேதான் வரும். அவள் இதுவரை போனைத் தொட்டதில்லை. வாசலில் நின்று கையை நீட்டிக் காட்டினாள்.

"ஏனம்மா, ஏனாயித்து?" என்று, என்ன ஆயிற்றெனக் கன்னடத்தில் கேட்டவர், அவள் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். "வியர்வையில் பாதி நம்பர் போயிடுச்சே. வாயால் சொல்லம்மா. உனக்கு வாய் இருக்கா இல்லையான்னு இந்தத் தெருவுக்கே சந்தேகம்."

சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். அவர் சுழற்றினார். லைன் கிடைக்கவில்லை. மறுபடி. எங்கேயோ ஒரு கல்யாண மண்டபத்தில் மணி அடித்தது, தப்பான நம்பர். மறுபடி. சுவர்க் கடிகாரம் பன்னிரண்டே கால் காட்டியது. இந்நேரம் கௌதள்ளியில் இருப்பார்கள். ஐந்தாவது தடவை மணி அடித்து யாரோ எடுத்தார்கள். கிருஷ்ணராஜ் ரிசீவரை அவள் காதில் வைத்து அழுத்தினார்.

"யாருங்க? உரக்கடை மாரிசாமி பேசறேன்."

"சித்தையண்ணன் வண்டி..."

"சத்தமாப் பேசுங்க, கேக்குல."

"சித்தையண்ணன் வண்டிங்க! வந்துச்சுங்களா?"

"இப்பத்தான் டீ குடிச்சிட்டு மலைக்குப் போனாங்க. கா மணி நேரம் இருக்கும். நீங்க யாரு?"

"வேலு சம்சாரமுங்க. அந்த வண்டி... நாலு சக்கர லிவரு போடக்கூடாதுங்க! முன்னால பல்லு மாறிப் போச்சு! போட்டா ஸ்டீரிங் புடிக்காது! யாராச்சும் போய்ச் சொல்லுங்க, சாமி, யாராச்சும்..."

பூத்துக்கு வெளியே போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் இவ்வளவு சத்தமாகப் பேசியதை அந்தத் தெரு கேட்டதில்லை.

"யாராச்சும் என்ன, நானே போறேன். மொபெட்டு வாசல்ல நிக்குது. கடையக்கூடச் சாத்துல, போறேன்" என்றார் மாரிசாமி. ரிசீவரைக் கீழே போட்ட சத்தம் கேட்டது.

கிருஷ்ணராஜ் போன் பேசக் காத்திருந்த ஒருவரை அனுப்பிவிட்டு ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தாள். மனசுக்குள் மொபெட் ஏறிக்கொண்டே இருந்தது. சேறு. பாறை. திருப்பம். விரல் மடித்து ஒன்றிலிருந்து எண்ணினாள். முப்பத்தொன்பதில் நின்றுபோய் மறுபடி ஒன்றுக்கு வந்தாள். போன் அடித்தபோதெல்லாம் எழுந்தாள். ஒன்று வேறு யாருக்கோ. இன்னொன்று தப்பான நம்பர்.

"குடிம்மா" என்று தண்ணீர் கொடுத்தார் கிருஷ்ணராஜ். வாங்கிக் கீழே வைத்தாள்.

ஒன்றரை மணிக்கு மேல் அடித்த போனை அவர் எடுத்துக் கேட்டு, அவளிடம் நீட்டினார். அந்த ஒரு கணம் அவள் கையை நீட்டவே இல்லை.

"உமா." ரத்தினவேலின் குரல். மூச்சு இரைத்தது.

ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"லிவரப் போட்டுட்டேன் புள்ள. சேத்துல ஒண்ணும் தெரியல, சக்கரம் வழுக்கிக்கிட்டே ஏறிருச்சு. பாறை மேல வந்ததும் வண்டி ஒரு முக்கு முக்குச்சு. லிவர இழுத்தா வரல. அண்ணன் 'புதுக் கிரவுனு, இறுக்கமாத்தான் இருக்கும், எறக்கு எறக்கு'ன்னாரு. நானும் சரின்னு பிரேக்குல இருந்து கால எடுக்கப் போனேன். மாரிசாமியண்ணன் குறுக்க மொபெட்டக் கொண்டாந்து போட்டுட்டாரு."

"ம்."

"பின்னால நாலடி எடுத்தோம், பல்லு வுட்டுக் குடுத்து லிவரு கழண்டுச்சு. முன்னால போற தண்டையும் கழட்டிட்டேன். பயமில்ல. பின்சக்கரத்துலயே வந்துருவோம். உமா? இருக்கியா?"

"நாந்தாங்க. பூஜைக்கு நூல அவுத்துட்டு... எண்ணாமக் கட்டிட்டேன்."

"கிரவுனு எங்கையிலதான இருந்துச்சு. நானும் எண்ணுலயே" என்றான் அவன். பின்னால் சித்தையன் யாரிடமோ கத்திச் சொல்வது கேட்டது: "ஊமைன்னு நெனச்ச புள்ள மைசூர்ல கத்துனது மலைக்கே கேட்டிருச்சுப்பா!"

அன்று சாயங்காலம் ஜீப் சந்துக்குள் நுழையும் சத்தத்தைத் தெருமுனையிலேயே கண்டுகொண்டாள். ஆனாலும் அவன் இறங்கி உள்ளே வந்து தண்ணீர் கேட்கும்வரை அவள் வாசற்படியை விட்டு நகரவில்லை. முன்னச்சைப் பிரித்தபோது அந்தச் சிவப்பு நூலின் துணுக்கு ஒன்று எண்ணெயில் மிதந்து வந்தது. அவன் அதை எடுத்துத் துடைத்து ஜன்னல் கம்பியில் கட்டினான்.

அடுத்த வருடம் ஆயுதபூஜைக்கு மூன்று ஜீப்களின் உருப்படிகள் வரிசையில் இருந்தன. எல்லாம் பிசுக்கேறிய நூல்களோடு. உமாதேவி நூலின் மேலேயே சந்தனம் வைத்தாள், அதன் மேல் குங்குமம். பூசாரி குனிந்து பார்த்தார்.

"அழுக்கு நூலை அவிழ்த்துடும்மா. சாமி முன்னாடி நல்லாயில்ல."

யாருக்கும் எதிர்ப்பேச்சுப் பேசாதவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அது இருக்கட்டுமுங்க சாமி. நீங்க மணியடிங்க. எதையும் நகத்த வேண்டாம்."