கண்ணாடிக்காரரும் கசந்த சுரைக்காயும்

வெள்ளரிக்காயின் மேல் கட்டைவிரல் நகத்தால் ஒரு கோடு கிழித்து, அந்தக் கோட்டிலேயே பட்டென்று ஒடித்தார் கண்ணாடிக்காரர். கத்தி பக்கத்தில் சும்மா கிடந்தது. கடையில் கண்ணாடி வெட்டிப் பழகிய கை. கோடு போட்டால் ஒடிக்காமல் இருக்காது. ஒரு துண்டு வாய்க்குள் போயிற்று, மற்றவை சட்டிக்குள் போயின. சட்டியில் ஏற்கெனவே தர்பூசணியின் வெள்ளைத் தோலும், முள்ளங்கி இலையும், முந்தாநாள் மிஞ்சிய ரொட்டியும் கிடந்தன. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்னண்ணே செய்யறீங்க?"

"எனக்கென்ன தெரியும் தம்பி? வெந்தப்புறம் அதுவே சொல்லும்."

கோடையில் மட்டும்தான் வீட்டில் அவர் சமையல். வெயில் ஏறினால் கடையில் எதையும் தொட முடியாது என்று மதியத்துக்கு முன்பே ஷட்டரை இறக்கிவிடுவார். அவர் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்; ஆஸ்பத்திரியில் நர்ஸ். அக்கா டியூட்டி முடிந்து வருவதற்குள் இவர் பின்பக்கத் தோட்டத்தில் ஒரு சுற்று சுற்றுவார். கூடையெல்லாம் கிடையாது. பனியனின் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, அதற்குள் தக்காளி, கீரை, பிஞ்சு, பூ எது கைக்கு வந்தாலும் போட்டுக்கொண்டு, தொந்தி தெரிய உள்ளே வருவார். ஒரு பச்சைமிளகாய் வாங்கக் கடைக்குப் போவதுகூட அவருக்கு மானப் பிரச்சினை. "இல்லாதத தேடறவன் சமையல்காரன். நான் இருக்கறத ஏமாத்தறவன்" என்பார்.

மாடி அறையில் குடியிருக்கும் எனக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான். தட்டைப் பார்த்ததும் அக்கா கேட்பார்:

"இன்னைக்கு எதுக்கும் எதுக்கும் கல்யாணம் பண்ணி வெச்சிருக்கீங்க?"

"ரகசியக் கல்யாணம். சாப்ட்டுட்டு வாழ்த்து."

பயந்துகொண்டேதான் முதல் வாய் வைப்பேன். இரண்டாவது வாய்க்குள் பயம் போய்விடும். தர்பூசணித் தோலை இரண்டாம் முறை கேட்டு வாங்கியிருக்கிறேன்.

சென்ற ஞாயிறு அவர் பனியனுக்குள் ஒரே ஒரு காய். குப்பைக்குழி ஓரம் தானாக முளைத்த கொடியில் காய்த்த சுரைக்காய். "விதை போடல, தண்ணி ஊத்தல. வாடகை குடுக்காம குடிவந்து காய்ச்சிருக்கான் பாரு பய!" என்று அதன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வெந்ததும் ஒரு கரண்டி குடித்தார். முகம் அஷ்டகோணலாயிற்று. "கசக்குது."

கொட்டிவிடுவார் என்று நினைத்தேன். அவரா கொட்டுவார்? "கோவமா இருக்கான். சமாதானப்படுத்தணும்" என்று எலுமிச்சம்பழம் பிழிந்தார். ஒரு கரண்டி குடித்துப் பார்த்தார். சர்க்கரை போட்டார். இன்னொரு கரண்டி. தக்காளியை நசுக்கிப் போட்டு, தயிரைக் கலந்து, மறுபடி, மறுபடி. கடைசியில், "இப்ப சிரிக்கறான்!" என்று என் தட்டில் ஊற்றினார்.

நான் கையை வைப்பதற்குள் அக்கா வந்துவிட்டார். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. பசியோடு சட்டியில் விரலை விட்டு நக்கியவர், அப்படியே பாத்திரம் கழுவும் தொட்டியில் துப்பினார். என் தட்டைப் பிடுங்கினார்.

"தம்பி, சாப்ட்டியா?"

"இல்லக்கா."

"ஏங்க, இது கசந்துச்சா?"

"லேசா... இப்ப சரியாயிடுச்சே."

"கசக்கற சுரைக்கா விஷங்க! எலுமிச்சம்பழம் பிழிஞ்சா விஷம் எறங்கிடுமா? எவ்ளோ சாப்ட்டீங்க?"

"எங்கடி சாப்ட்டேன்? ருசிதான் பார்த்தேன்."

சட்டியில் பாதிதான் இருந்தது.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தொட்டிக்கு ஓடினார். அவர் வாந்தியில் சிவப்பாக இருந்ததைத் தக்காளி என்றே நினைத்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது ரத்தம் என்று புரிந்தது.  "நிக்காத, போய் வண்டி கூப்புடு!" என்று அக்கா கத்திய பிறகே ஓடினேன்.

வண்டியில் அக்கா திட்டிக்கொண்டே வந்தார். "ஒரு காயத் தூக்கிப்போட்டா கொறைஞ்சா போயிடுவீங்க? வாய்க்குப் பூட்டு வாங்கித்தான் மாட்டணும் உங்களுக்கு." இவரும் ஈனக்குரலில், "சாவி நீயே வெச்சுக்கோ" என்று பதில் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு பதில் நின்றது. அவர் கை ஜில்லென்று வேர்த்திருந்தது. அக்கா திட்டுவதை நிறுத்தி, நாடியைப் பிடித்தார். 

இந்த விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாதாம். டிரிப்பை ஏற்றி, ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்திப் பிழைக்கவைத்தார்கள்.

நேற்றுப் போய்ப் பார்த்தேன். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், வேறு யாரோ போல் சாய்ந்திருந்தார். முன்னால் ஒரு கிண்ணம் கஞ்சி. உப்புகூட இல்லை. அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எத்தனை வாய் போகிறது என்று காவல் காத்துக்கொண்டிருந்தார்.

இவர் பார்வை கஞ்சியில் இல்லை. பக்கத்துக் கட்டில்காரர் கொடுத்துவிட்டுப் போன திராட்சைக் கொத்தின் மேல் இருந்தது. கை மெல்ல நகர்ந்தது. இரண்டு திராட்சையைக் கிள்ளிக் கிண்ணத்துக்கு மேல் கொண்டுபோனார். இந்த நிலைமையிலுமா?  நசுக்கப்போன விரல்கள் அங்கேயே நின்றன. கையைத் திருப்பி, திராட்சையை உள்ளங்கையில் உருட்டி, அக்காவிடம் நீட்டினார்.

"போடலாமா?"

அக்கா அவரை முறைத்தார். பிறகு ஒன்றை எடுத்துப் பாதியைக் கடித்து, நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, மீதிப் பாதியைக் கஞ்சிக்குள் போட்டார்.