நஜீஸ் கலந்த மருந்து

பள்ளிக்கூடத்தில் படம் காட்டப்போகிறார்கள் என்றதும் கனமூலையில் பாதி ஊர் போய் உட்கார்ந்தது. சினிமா என்று நினைத்துத்தான் எல்லோரும் போனோம். பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை. செத்த மீன், செத்த தேனீ, ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு ஆள். பூச்சிகொல்லியைப் பற்றியும் இயற்கை விவசாயத்தைப் பற்றியும் கொழும்பில் யாரோ எடுத்த ஆவணப்படம். சிங்களப் பேச்சுக்கு மேலே ஒரு பெண் குரல் தமிழில் பேசிக்கொண்டு போனது. மூச்சுக்கு மூச்சு "நஞ்சு" என்றது.

அது எங்களைப் பற்றிய படம் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? எங்கள் ஊரில் யாரும் தோட்டத்துக்கு நஞ்சு அடிப்பதில்லை. மருந்துதான் அடிப்பார்கள். காய்ச்சலுக்கு நான் குடிப்பதும் மருந்து, கொச்சிக்காய் என்கிற மிளகாய்க்கு வாப்பா அடிப்பதும் மருந்து. நஞ்சு என்றால் எலிக்கு வைப்பது. "பாவம், எந்த ஊரு மனிசரோ" என்று எனக்குப் பின்னால் இருந்த பெண் உச்சுக் கொட்டினாள். எனக்கும் அழுகை வந்தது.

உம்மா மட்டும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். படத்தில் ஒரு ஆள் வெறும் மேலோடு, முதுகில் நீலத் தாங்கியை மாட்டிக்கொண்டு அடித்துப் போனார். எங்கள் வீட்டுப் பின்சுவரில் தொங்கியதும் அதே நீலத் தாங்கி. வாப்பாவும் வெறும் மேலோடுதான் அடிப்பார். அடித்துவிட்டு இடுப்பில் கட்டிய அதே சாரத்தோடு வந்து அதே கையால் சோறு தின்பார். பிறகு தின்றதையெல்லாம் சத்தி எடுப்பார். "பித்தம்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

வீட்டுக்கு வந்ததும் உம்மா தொடங்கினார்.

"நீங்க அடிக்கிறது நஞ்சாம்."

"நஞ்சென்டா கடையில வெச்சி விப்பானா? போத்தல்ல கொச்சிக்காய்ப் படம் போட்டிரிக்கி. நஞ்சென்டா மண்டையோடல்லவா போடுவான்?"

மண்டையோடும் போட்டிருந்தது, சின்னதாக, கீழே. நான் பார்த்திருக்கிறேன்.

படத்தின் பின்பாதியில் மாற்று வழி காட்டினார்கள். மாட்டு மூத்திரத்தில் உள்ளிப்பூண்டும் வேப்பிலையும் ஊறப்போட்டு அடிப்பது. உம்மாவின் தம்பி, என் மாமா, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கத்தாரில் லொறி ஓட்டிவிட்டு வந்து சும்மா இருந்தவர். ஒரு செடி நட்டுப் பழக்கமில்லை. அடுத்த வளவுக்காரரின் மாட்டுக்குப் பின்னால் வாளியோடு அலைந்தார்.

"மச்சான், மூத்திரம் அள்ளுன கையால உங்களுக்கு சோறு பெசஞ்சி தந்தா திம்பீங்களா?" என்றார் வாப்பா.

"நீங்க இப்ப அள்ளுறத்துக்கு அது எவ்வளவோ மேல், மச்சான்."

"அது நஜீஸ். பட்டா தொழ ஏலா."

நஜீஸ் என்றால் மார்க்கத்தில் அசுத்தம். மத்ரஸாவில் அப்போது எங்களுக்கு அந்தப் பாடம்தான் நடந்துகொண்டிருந்தது. கொச்சிக்காய்க்கு அடிக்கிற மருந்து நஜீஸா என்று ஓதித்தருகிற ஹஸரத்திடம் கேட்டேன். இல்லை, அது சுத்தம் என்றார். மாட்டு மூத்திரம்? நஜீஸ். எனக்குத் தலை சுற்றியது. தேனீயைக் கொல்வது சுத்தம். ஒன்றையும் கொல்லாதது அசுத்தம். படக்காரர்கள் சொல்வது சரியா, ஹஸரத் சொல்வது சரியா? இரண்டும் சரி என்று அவர் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். அவ்வளவு கோபம் எனக்கு.

அந்தப் போகத்தில் இலைச்சுருட்டல் எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. தோட்டம் முழுக்க இலை சுருண்டு கிடந்தது. உம்மாவும் விடவில்லை. கடைசியில் வாப்பா, மருந்தை விடமாட்டேன், வேண்டுமென்றால் அதையும் கலந்து அடிக்கிறேன் என்று இறங்கி வந்தார். ஜும்ஆ முடிந்து ஹஸரத்திடம் விசாரித்துக்கொண்டும் வந்தார்.

"கொச்சிக்காயக் கழுவித் தின்டா சரியாம். ஆனா என்ட மேல்ல, உடுப்புல ஒரு சொட்டுப் பட்டாலும் கழுவாம தொழ ஏலாவாம்."

உம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. "அப்படியா சொன்னாரு?" என்று கேட்டுவிட்டு மீண்டும் போட்டார்.

அதிலிருந்து வாப்பா மருந்தடிக்கப் போனால் முழுக்கைச் சட்டை. வாய்க்குள் ஒரு சொட்டுப் போய்விடக்கூடாது என்று மூக்கோடு சேர்த்து ஒரு துணி. வந்ததும் நேரே கிணற்றடி. சவர்க்காரம் தேய்த்துக் குளித்து வேறு சாரம் உடுத்துத்தான் வாசற்படி ஏறுவார். சத்தி மெல்லக் குறைந்தது. தலையிடியும் குறைந்தது. "அந்த மூத்திரத்துல என்னமோ இரிக்கி" என்று ஊரெல்லாம் சொன்னார். மாமா மதுரங்குளிச் சந்தி வரைக்கும் போய் அதையே சொன்னார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அந்த மாடு குர்பானாகிவிட்டது. மாமாவுக்கும் அலுத்துவிட்டது. ஆனால் உம்மா அந்தக் கரைசலை ஊறவைக்கிற கேன் மட்டும் வெறுமையாகவில்லை. ஒருநாள் குசினிக்குப் பின்னால் பார்த்தேன். காலையில் குடித்த மிச்சத் தேத்தண்ணியை அதில் ஊற்றி, நசுக்கின உள்ளியைப் போட்டு மூடினார்.

"உம்மா, அது தேத்தண்ணிதானே?"

"ஓம்."

"நஜீஸ் இல்லயே."

"இல்ல."

"அப்ப ஏன் வாப்பாட்ட..."

"போய் ஓது."

சின்னப் பொய் சொன்னாலே என் வாயில் கொச்சிக்காய் தேய்க்கிற பெண் இவர்.

மாமா வாய் சும்மா இருக்கவில்லை. படக்காரர்களுக்கும் கதை எட்டி, கேமராவோடு வந்து இறங்கினார்கள். பெரிய கண்ணாடி போட்ட ஒரு பெண் வாப்பாவிடம் கேட்டாள்: "ஐயா, இப்போது நஞ்சு பாவிக்கிறீர்களா?"

"நஞ்சா? நாங்க ஒருநாளும் நஞ்சு தொட்டதில்ல" என்றார் வாப்பா, மார்க்கத்தின் மேல் சத்தியம் செய்யாத குறையாக. அவர் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அதற்கு மேல் கேட்கத் தெரியவில்லை. கொழும்பில் படித்தது அவ்வளவுதான்.

பிறகு கேமரா என் பக்கம் திரும்பியது. "மகள், அம்மா இந்தக் கரைசலை எப்படிச் செய்கிறார் என்று சொல்லுங்கள் பார்ப்போம்."

உம்மா கதவுக்குப் பின்னால் நின்றார். முக்காட்டை வாயோடு பிடித்திருந்தார். அப்படி ஒரு பயத்தை அவர் முகத்தில் நான் அதுவரை கண்டதில்லை. வாப்பாவும் பக்கத்தில்தான் நின்றார். பொய் சொன்னால் பாவம், சொல்லாவிட்டால் என்னமோ நடக்கப்போகிறது. என்ன என்று எனக்குத் தெரியாது.

"சீனி போடுறதில்ல" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். வாப்பாதான் அதிகமாகச் சிரித்தார். அந்தப் பெண் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

ஆட்களைக் கொல்கிற சாமான் என்று ஒரு மணித்தியாலம் படம் காட்டினவர்கள், அடித்துவிட்டுக் குளியுங்கள் என்று ஒரு வசனம் சொல்லவில்லை. அன்றைக்கும் பேசி முடிந்த பிறகு வாப்பா அவர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு பாத்திக்கு அடித்திருந்தார். அவர்கள் கேமராவைப் பைக்குள் போட்டு வேனில் ஏறும்போது, அவர் கிணற்றடியில் கழுத்து, காது மடல், விரலிடுக்கு என்று சவர்க்காரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

உம்மா கதவைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். குளிக்கிற மனிதனை அப்படிப் பார்க்க அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.