மூலை திரும்பிய எருக்குழி

இங்கே விமானம் போனால் பிள்ளைகள் கையசைக்கிறார்கள். தாம்பரம் பக்கமிருந்து பயிற்சி விமானம் ஒன்று தாழப் பறந்து வரும். பிள்ளைப்பாக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் விளையாட்டைப் போட்டுவிட்டு "டாட்டா" என்று கத்துவார்கள். யாழ்ப்பாணத்தில் குண்டு போட வரும் பொம்பர் சத்தம் கேட்டால் நாங்கள் அண்ணாந்து பார்ப்பதில்லை. நிலத்தைத்தான் பார்ப்போம், எங்கே குழி என்று. இந்த ஊருக்கு வந்து ஒரு வருடமாகியும் என் கழுத்துக்கு மேலே பார்க்கத் தெரியவில்லை.

இக்கட்டுரையில் என் பெயர் இல்லாததை அடக்கம் என்று கொள்பவர்களுக்கு நன்றி. அது பயம். இந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் கொலை நடந்த பிறகு, யாழ்ப்பாணத் தமிழ் பேசும் எந்த வாயையும் போலீஸ் பிடித்து விசாரிக்கலாம், முகாமுக்கு அனுப்பலாம். நான் அகதியாக எங்கும் பதிந்துகொள்ளாதவன். தலைமையாசிரியர் இரக்கப்பட்டு என்னை நாகர்கோவில்காரனாக்கி, அறிவியல் வாத்தியாராக வைத்திருக்கிறார். நாகர்கோவிலை நான் வரைபடத்தில் பார்த்திருக்கிறேன். ஆகவே வகுப்பில் பாடப்புத்தகத் தமிழிலேயே பேசுகிறேன். அது எந்த ஊருக்கும் சொந்தமில்லாத தமிழ். பிள்ளைகள் அதை அறிவு என்று எண்ணுகிறார்கள். நாற்பத்தைந்து வயதில் முதல் தடவையாக அறிவாளிப் பட்டம் கிடைத்திருக்கிறது, திறக்கப் பயந்த வாய்க்கு.

மழை விழுந்ததும் பள்ளிக்குப் பின்னால் நாட்டுச் செடித் தோட்டம் போடுவதென்று முடிவாயிற்று. பிள்ளைகள் மண்ணில் இறங்கிப் படிக்க வேண்டும் என்பது தலைமையாசிரியரின் ஆசை. ஒவ்வொருவரும் ஏரிக்கரையிலிருந்தோ வேலியோரத்திலிருந்தோ இந்த மண்ணின் செடி ஒன்று கொண்டுவர வேண்டும், குரோட்டன்ஸ் கூடாது. ஆடாதோடை, நொச்சி, ஆவாரை, பிரண்டை எல்லாம் வந்து குவிந்தன. எது உள்ளூர்ச் செடி என்று தீர்ப்புச் சொல்ல என்னை நியமித்திருந்தார்கள். யாரை என்று பாருங்கள். எட்டாம் வகுப்புச் செல்வி, முள்ளில் கையைக் கீறிக்கொண்டு ஒரு வேலிகாத்தான் கன்றோடு வந்து நின்றாள்.

"இது சீமைக்கருவேலம், வெளிநாட்டுச் செடி. யாரோ விதை கொண்டுவந்து தூவியது" என்றேன்.

"வந்து எம்மா நாளாச்சி சார். எங்க தாத்தா சின்னப் புள்ளையா இருக்கசொல்லவே கீதாம். இன்னுமா வெளிநாடு?"

தீர்ப்பை ஒத்திவைத்தேன்.

தோட்டத்துக்கு எருக்குழி வேண்டும். ஏதோ நினைவில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, ஆழமும் படியும் சொல்லிக் கொடுத்துவிட்டுச் செடிகளிடம் போய்விட்டேன். பிள்ளைகள் கோட்டின்படி வெட்டினார்கள். சனிக்கிழமை மத்தியானம் வந்து பார்த்தேன். நெஞ்சளவு ஆழம், நீளமாகப் போய்ச் சட்டென்று ஒரு பக்கம் மடங்குகிறது, மடங்கிய முனையில் இறங்குவதற்கு மண்படி. அச்சு அசல் பங்கர், குண்டுக்குப் பதுங்கும் குழி. யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளி வளவிலும் மாணவர்களோடு இப்படித்தான் வெட்டினோம். அதுவும் செய்முறைக் கல்விதான். குண்டுச் சில்லு நேராகத்தான் பாயும், மூலை திரும்பாது. ஆகவே குழி திரும்ப வேண்டும். மேலே பனங்குற்றி, அதன் மேல் மண்மூட்டை. என் தலை கடலைத் தாண்டி வந்துவிட்டது, கை இன்னும் அங்கேதான் வெட்டிக்கொண்டிருக்கிறது. எருக்குழிக்கு எதற்கு மூலை? வாழைப்பழத் தோல் யாருக்குப் பயந்து ஒளிகிறது?

மூடிவிடலாம் என்று மண்வெட்டியைத் தேடும்போதே சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போடும் சத்தம். ஒரு போலீஸ்காரர். வெளியூர் ஆட்களை விசாரித்துக்கொண்டு தெருத்தெருவாக வந்தவர், பள்ளிக்கும் வந்திருந்தார்.

"இன்னா சார் இது, குப்பைக் குழிக்குப் படிக்கட்டெல்லாம் வச்சிக்கீறீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது விமானம் வந்தது. நாகர்கோவில்காரர் என்ன செய்வார் என்று யோசிக்க அவகாசமில்லை. கண்ணைத் திறந்தபோது குழியின் மடங்கிய மூலையில், இரு காதையும் பொத்திக்கொண்டு குந்தியிருந்தேன். என்னை நெருக்கிக்கொண்டு எட்டாம் வகுப்பு முழுவதும் குந்தியிருந்தது, அதுவும் காதைப் பொத்திக்கொண்டு. சார் செய்வதைச் செய்வதுதானே செய்முறைக் கல்வி. மேலே வானத்தை மறைத்துக் காக்கிச் சட்டை.

"உள்ள இன்னா பண்றீங்க?"

செல்விதான் குழிச்சுவரில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு வேரைத் தொட்டாள். "பாடம் சார். வேரு எம்மா ஆழம் போவுதுன்னு பாக்கறோம்."

"ஏரோப்ளேன் வந்தாதான் வேரு தெரியுமா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "சாருக்கு எந்த ஊரு?"

மாதக்கணக்காக ஒத்திகை பார்த்த ஊர்ப்பெயரை எந்தத் தமிழில் சொல்வதென்று தேடினேன்.

"எங்க சாரு" என்றாள் செல்வி.

போலீஸ்காரர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கையை நீட்டினார். தூக்கிவிட்ட பிறகும் பிடியை விடவில்லை. "கை நடுங்குது. வெய்யில்ல நிக்காதீங்க சார்." சைக்கிளில் ஏறியபின் சொன்னார்: "குழிய மூடிடுங்க. பாக்கறவங்க ஒரு மாரியா நெனப்பாங்க. அடுத்த வாரம் வந்து பாக்கறேன்."

அது கருணையா, மிரட்டலா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டால் நான் உட்கார்ந்திருக்க, வயிறு மட்டும் எழுந்து நிற்கிறது.

திங்கட்கிழமை குழியை மூடினோம். நீளப் பக்கம் நிறைந்து, மேலே ஆடாதோடையும் நொச்சியும் நட்டாயிற்று. மடங்கிய குட்டைப் பக்கத்துக்கு வந்ததும் செல்வி மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

"இத்த வுட்டுடலாம் சார். குப்பை கொட்ட எடம் வோணுமில்ல." பிறகு என் முகத்தைப் பாராமல், "ஒரு ஆளு குந்தற மாரி இருந்தா போதும்" என்றாள்.

அவள் வைத்த மண்வெட்டியை எடுத்துச் சுவரில் சாத்திவிட்டு, அந்த மூலையை அப்படியே விட்டேன்.

அவர் சொன்ன அடுத்த வாரம் இன்னும் முடியவில்லை. இன்று காலை தோட்டத்தில் நிற்கும்போதும் விமானம் வந்தது. பிள்ளைகள் கையசைத்தார்கள். நானும் கழுத்தை நிமிர்த்தி, கையைத் தூக்கி, டாட்டா காட்டினேன். பிழையேதும் இல்லாமல், ஒரு நாகர்கோவில்காரரைப் போல. சத்தம் ஓய்ந்து குனிந்தபோதுதான் கண்டேன்: என் வலது கால், செருப்பை மேலேயே விட்டுவிட்டு, அந்த மூலையின் முதற்படியில் இறங்கி நின்றது.