காப் நுவாரில் ஒரு டாக்டர்

ஆல்பன் கொமோ முப்பத்து நான்கு வருடம் டாக்டர்களை எண்ணினார். அதுதான் வேலை. மாகாணத்துக்கு இன்னும் பதினைந்து வருடத்தில் எத்தனை டாக்டர்கள் வேண்டும், எத்தனை பேர் இருப்பார்கள் என்று ஒவ்வொரு டிசம்பரிலும் ஓர் அட்டவணை தயாரித்து மேலே அனுப்புவார். பள்ளி முடித்த ஒரு பிள்ளை தனியாக நோயாளி பார்க்கப் பத்துப் பதினோரு வருடம் ஆகும். அதனால் இந்த வேலையில் செய்த தப்பு உடனே தெரியாது. தெரியும்போது திருத்த முடியாது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், டாக்டர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று நாடு முழுக்கப் பேச்சு. ஆல்பனின் அட்டவணையும் அதையே சொன்னது. மருத்துவப் படிப்பில் பத்தில் ஓர் இடத்தைக் குறைத்தார்கள். முடிவெடுத்தது அவர் இல்லை. அவர் வரைபடத்தில் கோடு மட்டும்தான் வரைந்தார். தட்டுப்பாடு வந்தபோது அவருக்கு நாற்பத்து நான்கு வயது. அந்தக் கோட்டை யார் வரைந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவர்தான் மறக்கவில்லை.

வீடு காப் நுவாரில். தலைநகரத்து அலுவலகத்துக்கு ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம். மனைவி இறந்த பிறகும் ஊரை விடவில்லை. ஆயிரத்து முந்நூற்று நாற்பது பேர், ஒரு படகுத்துறை, ஒரு தேவாலயம், ஒரு மருத்துவ நிலையம். அதில் ஒரு டாக்டர், ரஸ்ஸல் ஹென்னிகர்.

பதினோரு வருடத்துக்கு முன், டாக்டர் இல்லாத ஊர்களில் மருத்துவ நிலையத்தை மூடுவது என்று விதி வந்தது. ஹென்னிகருக்கு அப்போது அறுபத்தெட்டு. ஓய்வு பெறலாம் என்றிருந்தார். ஒவ்வொரு நவம்பரிலும் டாக்டர்களின் லைசென்ஸைப் புதுப்பிக்க ஒரு படிவம் வரும். 'அடுத்த ஆண்டும் தொழில் செய்வீர்களா?' என்று அதில் ஒரு கேள்வி. ஆல்பன்தான் சீட்டாடிக்கொண்டே சொன்னார்:

"ஆமான்னு ஒரு டிக் போடுங்க டாக்டர். வாரத்துல ஒரு நாள் காலையில உக்காந்தாப் போதும். என் அட்டவணையில நீங்க ஒரு ஆள்."

நிலையம் பிழைத்தது. ஆட்சி மாறி விதியும் போனது. டிக் மட்டும் வருடா வருடம் தொடர்ந்தது.

இப்போது ஹென்னிகருக்கு எழுபத்தொன்பது. செவ்வாயும் வியாழனும் காலையில் மட்டும் வருவார். ஊரில் பாதிப் பேர், டாக்டர் கிடைக்காதவர்களுக்கான காத்திருப்புப் பட்டியலில் இருந்தார்கள். ஆனால் அட்டவணை என்ன சொல்லும்? காப் நுவார், டாக்டர் ஒருவர், போதுமானது. புது டாக்டர் பணியிடம் பற்றாக்குறை ஊர்களுக்குத்தான். அந்த நவம்பர் ஆல்பன் தயாரித்துக்கொண்டிருந்தது அவருடைய கடைசி அட்டவணை. மார்ச்சில் ஓய்வு. தான் மூடி வைத்த கதவைத் தானே திறந்துவிட்டுப் போக வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்தது.

முதலில் மேலதிகாரி மார்னியிடம் போனார். தலையை எண்ணாமல் வேலை நேரத்தை எண்ணலாம் என்றார்.

"ஆல்பன், அவருக்கு லைசென்ஸ் இருக்கா இல்லையா?"

"இருக்கு. ஆனா..."

"இருந்தா ஒண்ணு. நான் புதுசா வந்தப்ப நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

சொல்லிக் கொடுத்தது அவர்தான்.

"நேரத்தை எண்ணினா நாலுல ஒரு டாக்டர் ஒரே நாள்ல காணாமப் போயிடுவார். மந்திரி சட்டசபையில என்ன சொல்வார்? யாரோ கடத்திட்டுப் போயிட்டாங்கன்னா? அடுத்த வருஷம் பாக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை மகள் நோயெல்லா நாட்டின் மறுகோடியில் கால்கரியிலிருந்து போன் செய்தாள். அவள் பாலம் கட்டும் பொறியாளர். மார்னி சொன்னதை அவளிடம் சொன்னார்.

"அப்பா, நாங்க தூணை எண்ணிப் பாலம் கட்ட மாட்டோம். எது எவ்வளவு பாரம் தாங்கும்னுதான் பாப்போம்."

"தெரியும்மா."

"தெரிஞ்சா முப்பது வருஷமா எண்ணினீங்க?"

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"குரல் ஏன் இப்படி இருக்கு?"

"களைப்பா இருக்கு."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினேன். அவரும் களைப்பாத்தான் இருக்காராம்."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

அன்று மதியமே, துருவிய உருளைக்கிழங்கும் கோழியும் சேர்த்துச் சுட்ட ராப்பி பை ஒரு தட்டு எடுத்துக்கொண்டு ஹென்னிகர் வீட்டுக்குப் போனார். படிவம் சமையலறை மேசையில், மின்சாரக் கட்டணச் சீட்டுக்கு அடியில் கிடந்தது.

"வாய்யா, ஆளை எண்ணுறவனே. கையில தட்டோட வர்றே. ஏதோ வேணும் உனக்கு."

"இந்த வருஷம் இல்லைன்னு டிக் போடணும் டாக்டர்."

ஹென்னிகர் உருளைக்கிழங்கை மெதுவாக மென்றார். "போடச் சொன்னதும் நீதான்."

"நான்தான்."

"போட்டா, டிசம்பர் முப்பத்தொண்ணோட நான் வெறும் கிழவன். அது போகட்டும். புது ஆள் எப்ப வருவான்?"

"சராசரி பதினாலு மாசம்."

"அதுவரைக்கும் இங்க யாரு?"

"யாருமில்லை."

"உன்னை யாரு பாக்கிறது? ஒரு வருஷமாக் களைப்பு களைப்புன்னு வந்து நிக்கிறே."

"நானும் பட்டியல்ல சேந்துக்கிறேன்."

"உன் கணக்கு என்னைக்குய்யா சரியா வந்திருக்கு?"

ஆல்பன் தட்டைப் பார்த்தார். "அதனாலதான் வந்திருக்கேன்."

ஹென்னிகர் ஜன்னல் பக்கம் பார்த்தார். பனிமூட்டத்தில் துறை தெரியவில்லை. பிறகு பேனா கேட்டார். அவர் போட்ட டிக் கட்டத்துக்கு வெளியே போனது. இந்தக் கைதான் போன வாரம்கூடக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டது என்று ஆல்பனுக்குத் தோன்றியது.

"மிச்சத்தைச் சாப்பிடு. ஆறினா இது பசைய்யா," என்றார் ஹென்னிகர்.

டிசம்பர் அட்டவணையில் காப் நுவாருக்கு நேரே பூஜ்யம் விழுந்தது. ஜனவரியில் பணியிடம் ஒப்புதலாகி விளம்பரம் வந்தது. மார்ச்சில் ஆல்பனுக்கு அலுவலகத்தில் ஒரு கேக் வெட்டினார்கள்.

ஏப்ரலில் பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டார். பட்டியலில் அவருடைய எண் எழுநூற்றுப் பன்னிரண்டு. அந்தப் பட்டியல் எந்த வேகத்தில் நகரும் என்று அவரைவிட யாருக்கும் தெரியாது. பழைய சகாக்களுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. நகரத்து அவசரப் பிரிவுக்குப் போகலாமே என்று ஹென்னிகர் இரண்டு முறை சொன்னார். "களைப்புக்கா?" என்று ஆல்பன் தட்டிக்கழித்தார். ஜூனில் கண் மஞ்சளாகிவிட்டதைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்து நோயெல்லாவுக்குப் போன் செய்தாள். அவள் விமானம் ஏறி வந்து அவரைக் காரில் நகரத்துக்குக் கொண்டுபோனாள். கணையத்தில் புற்றுநோய். ஒரு வருடம் முன்னால் தெரிந்திருந்தால் என்று கேட்டாள். நகரத்து டாக்டர் ரிப்போர்ட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

கடைசி வாரத்தில் அவர் கேட்டது ஒன்றுதான்.

"காப் நுவாருக்கு யாராவது விண்ணப்பம் போட்டாங்களா?"

"இன்னும் இல்லப்பா."

"எட்டு மாசம்தானே ஆச்சு," என்றார்.

செப்டம்பர் இருபதாம் தேதி இறந்தார்.

புது டாக்டர் பிப்ரவரியில் வந்தார். முப்பத்தொரு வயதுப் பெண். வீட்டை விற்கும் வேலையாக நோயெல்லா அப்போது ஊரில் இருந்தாள். முதல் நாள் காலை நிலையத்துக்கு வெளியே பனியில் வரிசை சாலை வரை நின்றது. வரிசையில் ஹென்னிகரும் நின்றார், குல்லாயைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு. நோயெல்லாவைப் பார்த்ததும் விரலை மடக்கிக் காட்டினார்.

"ஜனவரிலருந்து எண்ணிப் பாத்தேன். பதிமூணு மாசம். உங்கப்பன் பதினாலுன்னான்."

அவள் தலையாட்டினாள்.

"ஒரு மாசம் தப்பு," என்றார் அவர். வரிசை நகர்ந்தது. ஓர் அடி முன்னால் போய் நின்றுகொண்டார்.