முகத்தில் ஏறிய சிவப்பு

ஹந்தானையிலிருந்து கண்டி டவுனுக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் ஸ்கூல் வேன்தான் என் பிழைப்பு. இரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கிறது என்று கிளினிக் டாக்டர் முதலில் தந்த குளிசையில் தொடையெல்லாம் உளைந்தது. கிளச்சை மிதிக்க முடியவில்லை. அதை நிறுத்தி வேறொன்று எழுதினார்.

"இது வைட்டமின் வகைதான். முகம் கொஞ்சம் சிவக்கும், பயப்பட வேணாம்" என்றார்.

இரவில் போட்டால் உடம்பெல்லாம் அரித்தது. தூக்கம் கெட்டு வேன் ஓட்டப் பயமாக இருந்ததால், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடத் தொடங்கினேன். மலை இறங்கும்போதே கழுத்திலிருந்து சூடு ஏறும். காது, கன்னம், நெற்றி எல்லாம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரியும்.

ஒரு நாள், மகளை ஏற்றிவிட வந்த தாயொருத்தி கதவைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தாள்.

"என்னாண்ணே, காலையிலேயே போட்டுட்டீங்களா?"

"குளிசைதாம்மா போட்டேன். வைட்டமின்."

"வைட்டமின் போட்டா மூஞ்சி இப்படியா செவக்கும்?"

வாயை ஊதிக் காட்டட்டுமா என்றேன். அவள் பிள்ளையைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

பேச்சு தோட்டத்து லயத்து வீடுகளெல்லாம் பரவியது. பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. நான் குடித்ததே இல்லை என்பது என் மனைவிக்குத் தெரியும். ஆனாலும் ஒரு நாள் தேத்தண்ணி தரும்போது குனிந்து என் வாயை மோந்து பார்த்தாள். அன்றைக்குத்தான் மனது விட்டுப்போனது.

அடுத்த கிளினிக்கில் இரத்தம் சோதித்தார்கள். இல்லாத சீனி வந்திருந்தது. ஈரலும் பழுதுபட்டுக்கொண்டு வந்தது.

"இந்தக் குளிசையாலதான். இதையும் நிறுத்துவோம்" என்றார் டாக்டர்.

"அப்ப கொழுப்புக்கு என்னா செய்றது, டாக்டர்?"

"சாப்பாட்டில கவனமா இருங்க. பிறகு பார்ப்போம்."

என் அண்ணன் மாரடைப்பில் போனது என் வயதில்தான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சில நாளில் முகம் பழையபடி ஆனது. அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன்.

"பாருங்கம்மா, நிறுத்தியாச்சு. பிள்ளைய அனுப்புங்க."

முதல்முறையாக அவள் முகத்தில் இரக்கம் தெரிந்தது.

"நல்லதுண்ணே. பொண்டாட்டி பிள்ளைகள நெனச்சு இப்படியே விட்டுருங்க. எங்க பிள்ளையத்தான் வேற வேன்ல சேத்துட்டோம்."

குளிசையைத்தான் நிறுத்தினேன் என்று விளக்கிச் சொல்ல என்னிடம் தெம்பு இருக்கவில்லை. சரிம்மா என்று திரும்பிவிட்டேன்.